பேசாத பையனின் சாட்சி

சென்ற மாதம் பழைய பிரெஞ்சு நாடகம் ஒன்றைப் படித்து முடித்தேன். பெயர் 'அபே தெ லெப்பே'. எழுதியவர் ழான்-நிக்கோலா பூய்யி. பாரீசில் 1799 டிசம்பரில் முதன்முதலாக மேடை ஏறியது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நெப்போலியன் போனபார்ட் ஆட்சியைக் கையில் எடுத்திருந்தார். ஐந்து அங்கங்கள், உரைநடை. நம் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்கள் மொலியேர், ரசீன் எல்லாம் மனப்பாடம் செய்திருப்பார்கள். பூய்யியை யாரும் நமக்குப் பாடமாக வைத்ததில்லை. இலக்கியமாகப் பார்த்தால் அது பெரிய நாடகமும் இல்லை. ஆனால் காது கேளாத ஒருவனைக் கதையின் நடுவில் நிறுத்தி, அவன் கையால் பேசுவதை மேடையில் காட்டி, ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கிய நாடகம் இது. இதன் பின்னால் உண்மையான வழக்கு ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புக் கட்டுகளோடு காலம் தள்ளிய எனக்கு, நாடகத்தைவிட அந்த வழக்குதான் தூக்கத்தைக் கெடுத்தது.

முதலில் நாடகத்தின் கதை. துலூஸ் நகரத்தில் பெரிய பணக்காரக் குடும்பம். பெற்றோர் இறந்துபோக, ழ்யூல் என்ற காது கேளாத சிறுவன் மிஞ்சுகிறான். பாதுகாவலராக இருக்கும் மாமன், சொத்துக்கு ஆசைப்பட்டு அவனைப் பாரீசுக்குக் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிட்டு, செத்துப்போனான் என்று பொய்ச் சான்று தயார் செய்துவிடுகிறார். அபே தெ லெப்பே என்ற பாதிரியார் அந்தப் பையனை எடுத்து வளர்த்து, தெயோதோர் என்று பெயரிட்டு, சைகையிலும் எழுத்திலும் படிப்பிக்கிறார். பையன் தன் சின்ன வயது நினைவுகளைச் சைகையில் சொல்கிறான். பாதிரியார் அவனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைசியில் துலூஸ் வந்து சேர்கிறார். ஊரையும் பிறந்த வீட்டையும் பையன் அடையாளம் கண்டுகொள்கிறான். பழைய வேலைக்காரன் மனம் மாறி உண்மையைச் சொல்ல, மாமன் மாட்டிக்கொள்கிறார். பையன் பழிவாங்கவில்லை. கெட்ட மாமனின் நல்ல மகனுக்குச் சொத்தில் பாதியைக் கொடுத்துவிடுகிறான். திரை விழுகிறது, அரங்கமே அழுகிறது.

அந்த அழுகையால் நிஜத்திலும் ஒரு காரியம் நடந்தது. லெப்பேவுக்குப் பிறகு பாரீஸ் காது கேளாதோர் பள்ளியை நடத்தி வந்தவர் அபே சிக்கார். 1797-இல் அரசியல் காரணத்தால் அவரை நாடு கடத்தும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மனிதர் இரண்டு வருடமாக ஒளிந்து வாழ்ந்தார். நாடகத்தின் இரண்டாவது காட்சிக்கு போனபார்ட் வந்திருந்தார். நல்லாசிரியரைப் பிரிந்து தவிக்கும் பிள்ளைகளைப் பற்றி மேடையில் பேச்சு வந்தபோது, பார்வையாளர் நடுவே இருந்த நாடகாசிரியர் கொலேன் தார்வில் எழுந்து சிக்காருக்கு விடுதலை வேண்டும் என்று குரல் கொடுக்க, அரங்கம் முழுவதும் சேர்ந்துகொண்டதாம். பூய்யியே தன் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். சிறிது காலத்தில் சிக்கார் பள்ளிக்குத் திரும்பிவிட்டார். நாடகம் பார்த்து ஒரு நாட்டின் தலைவர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரைத் திருப்பிக் கொடுத்தார் என்பது கொஞ்சம் விசேஷம்தான்.

இனி நிஜ வழக்கு. நாடகத்தில் வரும் பாதிரியார் கற்பனை அல்ல. ஷார்ல்-மிஷேல் தெ லெப்பே 1712-இல் வெர்சாயில் பிறந்தவர். காது கேளாத சகோதரிகள் இருவரைத் தற்செயலாகச் சந்தித்ததில் தொடங்கி, 1760 வாக்கில் பாரீசில் தன் வீட்டிலேயே பள்ளி வைத்தார். ஏழைப் பிள்ளைகளிடம் காசு வாங்கவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சைகைகளை எடுத்து, பிரெஞ்சு இலக்கணத்துக்குத் தேவையான சைகைகளைத் தாமே சேர்த்து, அதன் வழியாக எழுதப் படிக்கக் கற்பித்தார்.

1773 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிரான்சின் வடக்கே, பெரோன் பக்கத்துச் சாலையில் ஒரு பையன் தனியாகத் திரிவதைக் கண்டார்கள். கந்தல் உடை. காது கேட்கவில்லை, பேச்சும் இல்லை. அவனை பாரீசின் பிசேத்ர் விடுதியில் சேர்த்தார்கள். அனாதை, பைத்தியம், பிச்சைக்காரன் எல்லோரையும் ஒன்றாக அடைத்து வைக்கும் இடம் அது. 1775-இல் உடம்பு சரியில்லாமல் ஒத்தேல்-தியே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது லெப்பே அவனைப் பார்த்தார். ழோசெப் என்று பெயர் வைத்துத் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

பையன் சைகை கற்றுக்கொண்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல ஆரம்பித்தான். பெரிய வீடு, வசதியான குடும்பம், இறந்துபோன அப்பா, முகத்தை மூடிக் குதிரையில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டது என்றெல்லாம். விசாரித்ததில் துலூசில் சொலார் பிரபுவின் குடும்பத்தில் காது கேளாத மகன் ஒருவன் இருந்தான் என்று தெரிந்தது. தகப்பன் இறந்துவிட்டார். கசோ என்ற இளம் சட்ட மாணவன் அந்தப் பிள்ளையைத் துலூசிலிருந்து வெளியூர் அழைத்துச் சென்றிருக்கிறான், பிள்ளை திரும்பி வரவில்லை. அம்மை கண்டு இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. பையனைச் சிலர் பார்த்து, இவன்தான் சொலாரின் மகன் என்று அடையாளம் சொன்னார்கள். கசோவைக் கைது செய்து சங்கிலி போட்டுப் பாரீசுக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் என் பழைய உத்தியோகப் புத்தி குறுக்கே வருகிறது. தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பெரோன் பக்கத்தில் பையன் கிடைத்தது 1773 ஆகஸ்ட் 1. கசோ சொலார் வீட்டுப் பிள்ளையுடன் துலூசிலிருந்து புறப்பட்டது 1773 செப்டம்பர் 4. அந்தப் பிள்ளை தெற்கே ஷர்லா என்ற கிராமத்தில் இறந்ததாகச் சொல்லப்படுவது 1774 ஜனவரி. வடக்கே ஒரு பையன் கிடைத்து ஒரு மாதம் ஆன பிறகு, தெற்கே வேறொரு பையன் பயணம் புறப்படுகிறான். ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருக்க முடியும்?

ஆனாலும் 1781-இல் ஷத்லே நீதிமன்றம், ழோசெப்தான் சொலார் பிரபுவின் மகன் என்று தீர்ப்பளித்தது. கசோவைக் குற்றமற்றவன் என்று விட்டுவிட்டது. அதாவது பையனை யாரும் கொண்டுபோய் விடவில்லை, ஆனால் விடப்பட்ட பையன் அவன்தான்! வழக்கு மேலே போனது. லெப்பே 1789 டிசம்பரில் இறந்தார். பையனுக்கு ஆதரவாக நின்ற மனிதர் போன பிறகு, 1792-இல் தீர்ப்பு தலைகீழானது. ழோசெப் சொலார் அல்ல, அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு. பிரபு பட்டம் போய், புரட்சிக்காலப் பட்டாளத்தில் சேர்ந்து, அந்த இளைஞன் விரைவிலேயே இறந்துபோனான்.

ஏழு வருடம் கழித்து பூய்யி இந்தக் கதையை எடுத்து, தோற்றவனை ஜெயிக்க வைத்தார். தேதிக் குழப்பம் இல்லை. அப்பாவியான சட்ட மாணவனுக்குப் பதில் கெட்ட மாமன். மேடையில் சிறுவனாக நடித்தவர் திருமதி வான்ஓவ் என்ற காது கேட்கும் நடிகை. பாதிரியாராக மொன்வெல். ஜெர்மன் மொழியில் கோட்செபுயே எழுதினார். லண்டன் துரூரி லேன் அரங்கில் 1801-இல் ஹோல்கிராஃப்ட் ஆங்கிலத்தில் தந்தார். ஊரூராகச் சனங்கள் அழுதார்கள். நிஜத்தில் சங்கிலியில் நடந்த கசோவுக்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய கேள்வி, பையன் பொய் சொன்னானா என்பது அல்ல. அவன் சொன்னதை யார் சொன்னார்கள் என்பதுதான். கிடைத்தபோது அவனிடம் முறையான சைகை மொழி இல்லை. இரண்டு வருடம் பிசேத்ரில் அவனோடு பேச ஆள் இல்லை. பிறகு சைகை கற்றுக்கொடுத்தவர் லெப்பே, கேள்வி கேட்டவர் லெப்பே, பதிலை வார்த்தையாக்கியதிலும் பெரும்பங்கு லெப்பேவுக்குத்தான். நல்ல மனிதர், தங்கமான மனிதர், சந்தேகமில்லை. ஆனால் மனுதாரரும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே ஆளாக இருந்தால் எந்த அலுவலகத்திலும் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்புவோம். 'பெரிய வீடு, தோட்டம்' என்று பையன் கையால் காட்டியது பிரபு வீடாகத்தான் இருக்க வேண்டுமா? வசதியான குடியானவன் வீடும் ஒரு சின்னப் பையனுக்குப் பெரிய வீடுதானே.

உத்தியோகத்தில் இருந்தபோது நான் பார்த்த ஒன்று. பிறப்பு, இறப்புப் பதிவுகளின் நகலுக்கு, நாம் 'எத்தா சிவில்' என்று சொல்லும் அந்த ஏடுகளுக்கு, அவ்வப்போது காது கேளாதவர்களும் வருவார்கள். ஒரு தையற்காரர் அக்காவோடு வந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் அக்காவே பதில் சொன்னார், நல்ல அக்கறையோடுதான். ஒரு இடத்தில் தம்பி கையை வேகமாக ஆட்டி மறுத்தார். காகிதத்தை நீட்டியதும், அக்கா சொன்ன வருடம் தவறு என்று தெளிவான கையெழுத்தில் எழுதிக் காட்டினார். ஏட்டைப் புரட்டினால் தம்பி எழுதியதே சரி. அவருக்கு எழுதத் தெரிந்திருந்தது. ழோசெப்புக்குக் கிடைத்த நாட்களில் அதுவும் இல்லை.

லெப்பே காலத்திலேயே வேறொரு குரலும் எழுந்தது. பியேர் தெலோழ் என்பவர், புத்தகம் கட்டும் தொழிலாளி. சிறு வயதில் அம்மை கண்டு காது போனவர். 1779-இல் தன் பெயரிலேயே ஒரு சிறு நூல் வெளியிட்டார். காது கேளாதவர் ஒருவர் எழுதி அச்சான முதல் பிரெஞ்சு நூல் என்று அதைச் சொல்வார்கள். பாரீசில் காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஏற்கனவே சைகையில் எல்லா விஷயமும் பேசிக்கொள்கிறார்கள், எந்தப் பாதிரியாரும் வந்து அதை உண்டாக்கவில்லை என்பது அதன் சாரம். லெப்பேயை அவர் குறை சொல்லவில்லை, சைகையைக் கேவலமாகப் பேசியவர்களுக்கு எதிராக லெப்பே பக்கமே நின்றார். ஆனால் பூய்யியின் நாடகத்தில் தெலோழ் மாதிரி ஒரு ஆள் இல்லை. சம்பாதித்து, நண்பர்களோடு கூடி, அரசியல் பேசும் காது கேளாதவர் யாரும் இல்லை. ஒரு பரிதாபமான பையன், ஒரு புண்ணியவான், அவ்வளவுதான். பின்னால் வந்த கதைகள் பலவற்றுக்கும் இதே அச்சுதான்.

விக்தோர் யூகோ மட்டும் வேறு மாதிரி செய்தார். 1831-இல் வெளியான 'நோத்ர்-தாம் தெ பரி' நாவலில் மணியடிக்கும் காசிமோதோவுக்கு மணிச் சத்தத்தாலேயே காது போய்விட்டது. அவனை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். அந்த நீதிபதிக்கும் காது கேட்காது, ஆனால் கேட்பதுபோல் பாவனை செய்பவர். இவர் ஒன்று கேட்க, அவன் ஒன்று சொல்ல, சபை சிரிக்க, கடைசியில் சவுக்கடித் தண்டனை. படிக்கும்போது சிரிப்பு வரும். ழோசெப்பின் வழக்கை நினைத்துக்கொண்டு படித்தால் அவ்வளவு சிரிப்பு வராது.

அல்ஃப்ரெத் தெ முய்சே 1844-இல் எழுதிய 'பியேர் எ கமீய்' கதை இன்னொரு வகை. காது கேளாத பெண் கமீய், காது கேளாத பையன் பியேர், இருவரும் லெப்பே காலத்துப் பாரீசில் சந்திக்கிறார்கள், கையால் பேசுகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தை வாய் திறந்து பேசுவதில் கதை முடிகிறது. இருபது வருடம் கழித்து, 1865-இல், டிக்கன்ஸ் 'டாக்டர் மாரிகோல்ட்' கதையில் கிட்டத்தட்ட அதே முடிவு. தெருவில் கூவி விற்கும் வியாபாரி ஒருவர் காது கேளாத பெண்ணை எடுத்து வளர்க்கிறார். அவள் காது கேளாத இளைஞனை மணந்து சீனா போகிறாள். பேத்தியோடு திரும்பி வருகிறாள். பேத்தி தாத்தாவைக் கூப்பிடுகிறாள், தாத்தா அழுகிறார். இரண்டு கதைகளிலும் காது கேளாத தம்பதி சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பேசும் குழந்தை வந்தால்தான் சுபம் போட ஆசிரியருக்கு மனம் வருகிறது. டிக்கன்ஸ் மட்டும் ஒன்று சேர்த்திருக்கிறார்: அந்தக் குழந்தை அம்மாவிடம் திரும்பிக் கையாலும் பேசுகிறது. அந்த ஒரு விவரத்துக்காக அவருக்கு ஒரு கும்பிடு.

நம்மவர்களுக்கு 1972-இல் வந்த இந்திப் படம் 'கோஷிஷ்' நினைவிருக்கும். குல்சார் இயக்கியது. அதுவே 1977-இல் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்த 'உயர்ந்தவர்கள்'. இந்திப் படத்தில் கிலுகிலுப்பையை ஆட்டியும் குழந்தை திரும்பவில்லை என்று பெற்றோர் பதறி டாக்டரிடம் ஓடுவார்கள். பார்த்தால் கிலுகிலுப்பைக்குள் மணியே இருக்காது! அங்கேயும் குழந்தைக்குக் காது கேட்கிறது என்பதே ஆறுதல். ஆனால் குல்சார் அங்கே நிறுத்தவில்லை. வளர்ந்த மகனிடம் காது கேளாத பெண்ணை மணக்கச் சொல்லி அப்பா கேட்கிறார். மகன் தயங்கும்போது அப்பாவின் முகத்தில் வரும் கோபத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

காது கேளாதவர்கள் சும்மா இருக்கவில்லை. பாரீஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான ஃபெர்தினான் பெர்த்தியே, 1834 முதல் லெப்பேயின் பிறந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் விருந்து நடத்தினார். அந்த மண்டபத்தில் எல்லோரும் கையால் பேச, சைகை தெரியாத விருந்தாளிகள்தான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெர்த்தியேவுக்கு 1849-இல் லெழியோன் தொனேர் விருது கிடைத்தது. அப்புறம் இறக்கம். 1880-இல் மிலானில் கூடிய மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம், வாயால் பேசத்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதற்குப் பிறகு பிரெஞ்சுப் பள்ளிகளில் சுமார் நூறு வருடம் சைகைக்கு இடமில்லை. 1970-களில்தான் மறுபடி விழிப்பு வந்தது. பாரீஸ் அருகே வேன்சேன் கோட்டையில் காது கேளாதவர்களின் நாடகக் குழு ஒன்று தொடங்கியது. அந்தக் குழுவோடு வளர்ந்த எம்மானுயேல் லபோரி, 1993-இல் மேடையில் காது கேளாத பெண்ணாகவே நடித்து மொலியேர் விருது பெற்றார். பூய்யியின் மேடையில் ஒரு நடிகை கையசைத்து நடித்ததற்கும் இதற்கும் இடையில் 194 வருடங்கள். பிரெஞ்சுச் சைகை மொழி ஒரு முழு மொழி என்று பிரெஞ்சுச் சட்டம் ஒப்புக்கொண்டது 2005-இல்.

சாட்சி விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு மோசமில்லை. 1872 சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு, பேச இயலாதவர் நீதிமன்றத்தில் எழுதியோ சைகை காட்டியோ சொல்வதை வாய்மொழிச் சாட்சியாகவே ஏற்றது. 2013 திருத்தம் இன்னொன்றைச் சேர்த்தது: சாட்சி வாய்மொழியாகச் சொல்ல முடியாதவராக இருந்தால் மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டும், அதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். அந்த வீடியோதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கை என்ன சொன்னது, மொழிபெயர்ப்பாளர் என்ன சொன்னார் என்று பிறகு இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ழோசெப்பின் கைகள் என்ன சொல்லின என்பதை இன்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. மிஞ்சியிருப்பது மற்றவர்கள் எழுதிய தாள்கள்தான்.

அந்தப் பையனுக்கு எத்தனை பெயர் பாருங்கள். லெப்பே வைத்தது ழோசெப். நீதிமன்றம் கொடுத்துப் பிறகு பிடுங்கியது சொலார். நாடகத்தில் தெயோதோர், ழ்யூல். அம்மா அவனை எந்தச் சைகையால் கூப்பிட்டாளோ, அது மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ காது கேளாதவர்கள் இருந்தால், வீட்டில் அவர்களைக் கூப்பிட என்ன சைகை வைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். சைகையை வார்த்தையில் விவரித்தாலே போதும். அடுத்த பதிவில் தொகுத்துப் போடுகிறேன்.